செலினுக்கு ஊற்றாத தண்ணீர்

தம்பி,

இதைப் படிக்கும்போது நீ அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி வராந்தாவில், இரும்பு நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாய். சாயங்காலம் ஐந்து மணிக்கு உன்னை மறுபடி உள்ளே விடுவார்கள், பத்து நிமிஷம். அதற்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் விடிந்ததிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்புவேன். மூலையில் எண் போட்டிருக்கிறேன், வரிசை மாறினாலும் குழம்ப மாட்டாய். போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பாய். பேசினால் பாதியில் நிறுத்திவிடுவேன். நேற்றும் அதைத்தான் செய்தேன். கிளம்பி வரலாம் என்றால், குளியலறையில் விழுந்து உடைந்த இடுப்பு இன்னும் கூடவில்லை. கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும்தான் என்னால் நடக்க முடிகிறது. வந்தாலும் என்ன, அந்தக் கதவுக்கு உள்ளே தகப்பனை மட்டும்தான் விடுவார்கள்.

குழந்தை பிறந்து இன்றோடு ஒன்பது நாள். ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள், மூச்சை மெஷின் விடுகிறது, இனி ஒவ்வொரு நாளாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டெல்லா கீழே முதல் மாடியில் தையல் சீழ் வைத்து, காய்ச்சலோடு படுத்திருக்கிறாள். அவளை மேலே விடமாட்டார்கள். பெற்ற அன்று ஒரு கணம் பார்த்ததோடு சரி. அவள் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். உள்ளே போகும்போது குழந்தை நெற்றியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பேர் சொல்லி, ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு வா என்றாள். நீ முடியாது என்று சொல்லிவிட்டாய். நேற்று காலை எனக்குப் போன் செய்து அதைச் சொன்னபோது உன் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. “அவளே ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறதில்லப்பா. கேட்டா, எனக்கும் தெரியல, ஆனா நீ செய்யுன்றா. நம்பாத ஒண்ண என் புள்ள தலமேல எப்டிப்பா சொல்றது? நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?”

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். நான் உன் பக்கம் என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். நேற்று மத்தியானத்திலிருந்து ஸ்டெல்லா உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள் என்று சம்பந்தியம்மா ராத்திரி சொன்னார்கள். அந்தத் திரும்பல் எனக்குத் தெரியும், தம்பி. நீ கேட்ட கேள்விக்குப் பதிலும் தெரியும். நானாக இருந்தால் சொல்லமாட்டேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் சொல்லவில்லை.

உனக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள் என்பது உனக்குத் தெரியும். பிறந்ததும் இறந்துவிட்டாள் என்று சொல்லியிருந்தோம். பிறந்ததும் இறக்கவில்லை. மூன்று நாள் இருந்தாள்.

அந்தக் காலத்து என்னை உனக்குச் சொல்ல வேண்டும். மில் தொழிலாளி மகன், குடும்பத்தில் முதல் பட்டதாரி, நெல்லித்தோப்பில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த அறிவியல் வாத்தியார். கோயிலை விட்டு விலகியதற்கு எனக்குக் காரணங்கள் இருந்தன, எல்லாம் புத்தகத்திலிருந்து வந்தவையும் அல்ல. எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர் இருந்தது. செத்த பிறகும் யார் எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்று சாதி பார்த்துக் கட்டிய சுவர். நாங்கள் அந்தச் சுவருக்கு அப்பால். எல்லாரும் ஒரே தகப்பன் பிள்ளைகள் என்று பிரசங்கத்தில் கேட்டுவிட்டு, போகும்போது அவரவர் பக்கமாகப் போவோம். பிறகு சுவரை இடித்தார்கள், ஆனால் குழி வெட்டுகிறவனுக்கு எந்தப் பக்கம் வெட்டுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்தக் கோபத்தை இன்றைக்கும் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லக்கூடாது என்று வகுப்பில் சொல்வேன், அதையே வீட்டிலும் சொல்வேன். அதில் எனக்கு ஒரு கர்வம்.

உன் அம்மா வேறு மாதிரி. உனக்கு முதல் நற்கருணை அப்பம் கொடுக்கும் முன்னால், ஏழு வயதில், அப்பா இது நிஜமாக என்ன என்று நீ என்னிடம் கேட்டாய். மாவு என்றேன். அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது. “மாவுன்னு கண்டுபுடிக்க வாத்தியாருக்கு ஒரு பட்டம் தேவப்பட்டுச்சு பாரு. தெனம் மாவு பெசையறவளுக்குத் தெரியாதா அது?” நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அவள் சொன்னதில் என்ன இருந்தது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. மாவு என்று தெரிந்தும் முழங்கால் போடுகிறவளை, தெரியாமல் போடுகிறவள் என்று முடிவு கட்டிவைத்திருந்தேன்.

உன் அக்கா செலின் பிறந்த இரண்டாம் நாள் மத்தியானம் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். உன் அம்மாவுக்கு வயிற்றைக் கிழித்து எடுத்திருந்தது, எழுந்திருக்கக்கூடாது. நான் சொல்லாமலே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். அழவில்லை. தலைமாட்டில் இருந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றி என் கையில் கொடுத்தாள். “போயி ஊத்திட்டு வந்துடுங்க. செலின்னு சொல்லுங்க” என்றாள். பங்குச் சாமியாரைக் கூப்பிட நேரம் இல்லை, கூப்பிட வேண்டியதும் இல்லை. சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் உபதேசியார் எங்களுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். சாகிற ஆபத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆணோ பெண்ணோ, இந்துவோ முஸ்லிமோ, நம்பாதவனோ, யாரானாலும் சரி. அந்த ஞானோபதேசத்தில் நான் ஒத்துக்கொள்ளாதது ஆயிரம் இருக்கும், ஆனால் இந்த ஒரு வாசலை என்னைப் போன்றவனுக்கும் திறந்து வைத்திருந்தார்கள்.

நான் அந்த டம்ளரோடு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். என் உள்ளங்கை அளவுதான் அவள் முதுகு. விலா எலும்பு எண்ணலாம். நின்றேன், நின்றேன், பிறகு டம்ளரோடு திரும்பி வந்தேன். நம்பாமல் சொன்னால் அது பொய் ஆகிவிடும் என்று உன் அம்மாவிடம் விளக்கினேன். வகுப்பில் விளக்குவது போலவே, பொறுமையாக.

“நான் ஒங்கள நம்பச் சொன்னனா? ஊத்தத்தான சொன்னேன்” என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வார்டில் தரை துடைக்கிற ஒரு ஆயாம்மா இருந்தாள். தவளக்குப்பத்துக்கு அப்பால் ஏதோ கிராமம், நெற்றியில் பெரிய பொட்டு, கையில் மாரியம்மன் கோயில் மஞ்சள் கயிறு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். “பேரு என்னாம்மா?” என்றாள். செலின் என்றாள் உன் அம்மா. “எங்க, இன்னொரு வாட்டி சொல்லு. நான் தப்பா சொல்லிடப் போறேன்.” இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். பாதி திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன். செருப்பைக் கழற்றினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, விரலை நனைத்து நெற்றியில் மூன்று தடவை ஓடவிட்டாள். வார்டில் மற்றவர்கள் ஊற்றியதைப் பார்த்திருப்பாள் போல, பிதா, சுதன், ஆவி என்பதற்கு அப்பன் பேரு, மவன் பேரு, ஆவி பேரு என்று அவள் வாய்க்கு வந்த மாதிரி சொன்னாள். செலின் என்பதைத் திருத்தமாகச் சொன்னாள்.

மறுநாள் காலையில் குழந்தை போய்விட்டாள்.

இதுவரைக்கும் சொன்னது ஒரு பிடிவாதக்காரனின் தப்பு. இனிமேல் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் பங்கில் அப்போது பழைய வழக்கம்தான். ஞானஸ்நானம் பெற்ற குழந்தை இறந்தால் அது சம்மனசு, தேவதூதன். அதற்குத் துக்க மணி கிடையாது. திருநாளுக்கு அடிப்பது போலச் சின்ன மணியை அடிப்பார்கள், வெள்ளைத் துணி போட்டு எடுத்துப் போய், பேர் எழுதிய சிலுவை நடுவார்கள். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு மணி இல்லை, சிலுவை இல்லை. மேற்கு மூலையில் பேரில்லாமல் புதைப்பார்கள். அது கொடுமையான வழக்கம், பிற்பாடு வந்த சாமியார்களே அப்படிச் செய்திருக்க வேண்டியதில்லை என்று சொன்னார்கள். நான் அவளைக் கிடத்திய சின்னச் சவப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் போய் இறங்கினேன். கோயில் காரியங்களைப் பார்க்கிற கோயில்பிள்ளை வாசலில் நின்றிருந்தார். ஞானஸ்நானம் ஆச்சா சார், என்ன பேர் போடட்டும் என்று கேட்டார்.

ஆகவில்லை என்றேன்.

அவர் நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்த்து இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். “ஆஸ்பத்திரில யாராவது ஊத்தியிருப்பாங்களே சார். எப்பவும் ஊத்துவாங்க. நெனச்சிப் பாருங்க.”

இல்லை என்றேன்.

என் கண்ணால் பார்த்திருந்தேன், தம்பி. அவர்கள் சட்டப்படியே அது செல்லும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இல்லை என்றேன். பொட்டு வைத்த ஒரு பெண் வாய் குழறிச் சொன்னதை என் கொள்கை ஏற்காது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் அது அல்ல. நான் மறுத்ததை இன்னொருத்தி செய்துவிட்டாள், அதை நான் இல்லாமல் ஆக்க வேண்டியிருந்தது. பேர் எழுதாமல் புதைத்தார்கள். மணி அடிக்கவில்லை. குழிக்குப் பக்கத்தில் கோயில்பிள்ளையும் நானும் மட்டும்.

பத்து நாள் கழித்து உன் அம்மா வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்டது, மணி அடித்தார்களா என்று. அடித்தார்கள் என்றேன். நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. எந்த இடம் என்றாள். மேற்கு மூலையை அதற்குள் மண் அள்ளிச் சமன் செய்திருந்தார்கள், எனக்கே இடம் தெரியவில்லை. சிலுவை எங்கே என்று கேட்பாளே என்று பயந்து, பூவரச மரத்தடியில் ஒரு சின்ன மேட்டைக் காட்டினேன். மரச்சிலுவை மழையில் விழுந்துபோயிருக்கும் என்றேன். முப்பத்தாறு வருஷம் அவள் அங்கேதான் சாமந்தி போட்டாள். நீ கைப்பிள்ளையாக இருந்ததிலிருந்து உன்னையும் அங்கே நிற்கவைத்து மெழுகுவத்தி ஏற்றச் சொன்னாள். குழந்தை காதில் ஒரு வாக்கியம் பொய்யாகிவிடக்கூடாது என்று டம்ளரைத் திருப்பிக்கொண்டு வந்தவன், அந்தக் குழந்தையைப் பெற்றவளிடம் ஆயுசு முழுக்கச் சொன்ன பொய் இது. அவளுக்குத் தெரிந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. கோயில்பிள்ளையின் மனைவி அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். நான்கு வருஷத்துக்கு முன்னால் உன் அம்மா கடைசிப் படுக்கையில் கிடந்தபோது சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். சொல்லவில்லை.

என்னைத் திட்டிக்கொண்டே மேலே படி. இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இன்றைக்கும் நம்புகிறவன் இல்லை. அந்தத் தண்ணீர் உன் மகளைப் பிழைக்கவைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். போகிற இடத்தில் அவளுக்கு ஒரு கதவு திறக்கும் என்றும் சொல்லமாட்டேன், அப்படி ஒரு இடம் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் நம்பிக்கையைத் தவிர இந்த மதத்தில் வேறொன்றும் இல்லை என்று நான் நினைத்ததும், அதையே உனக்குச் சொல்லிக்கொடுத்ததும் தப்பு. நீ பிறந்து சில வருஷம் கழித்து உன் தாத்தா இறந்தபோதுதான் எனக்கு அது கொஞ்சம் புரிய ஆரம்பித்தது. மில் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். நல்லவர்கள், அவரோடு சேர்ந்து ஜெயிலுக்குப் போனவர்கள். கொடி போர்த்தினார்கள், கோஷம் போட்டார்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தெருவில் நின்றார்கள். நானும் அவர்களோடு நின்றேன். அப்போது சாவு வீட்டுக் காரியங்களைச் செய்கிற கோயில் மரண சபையிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் தாத்தாவோடு இருபது வருஷமாகப் பேச்சு இல்லாதவர். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் தலையைப் பிடித்தார், ஒருவர் தண்ணீர் ஊற்றினார், ஒருவர் தாடையைக் கட்டினார். பேச்சு இல்லாதவர்தான் பாதத்தைக் கழுவினார். எந்த இடத்தில் எந்தப் பாட்டு, எப்போது தூக்குவது, எப்போது இறக்குவது, எப்போது மகன் மண் போடுவது, எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்பாத எனக்கும் அதில் ஒரு இடம் ஒதுக்கி, இங்க நில்லுங்க வாத்தியாரே என்று காட்டினார்கள். அந்த இடத்தில் நின்றதால்தான் அன்றைக்கு நான் விழாமல் இருந்தேன்.

இதை யோசித்துப் பார். நம் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் காலில் விழுந்தால் நல்லா இரு என்கிறோம். யாரிடம் கேட்டு அந்த வரத்தைக் கொடுக்கிறோம்? நீயும் சொல்கிறாய், ஒரு தடவைகூட நிரூபணம் தேடவில்லை. சில வாக்கியங்கள் தகவல் சொல்வதற்காக வந்தவை. சில, கையை நீட்டுவதற்குப் பதிலாகச் சொல்லப்படுகிறவை. முப்பத்தொரு வருஷம் வாத்தியாராக இருந்தும் இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, தரை துடைக்கிறவளுக்குத் தெரிந்திருந்தது. எத்தனையோ நூறு வருஷமாக, எத்தனையோ தாய்மார்கள் சாகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வெறுமனே நிற்க முடியாமல் செய்த காரியம் இது. அவர்களில் எத்தனை பேர் நம்பினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. செய்வதற்கு ஒன்று இருந்தது, செய்தார்கள். அந்தத் திருச்சபைக்கு என்ன அழுக்கு இருந்தாலும், சுவர் கட்டின கைதான் இதையும் காப்பாற்றி நம் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. சுவரை நான் மன்னிக்கவில்லை. அதற்காகத் தண்ணீரையும் வேண்டாம் என்றேன் பார், அதுதான் என் முட்டாள்தனம்.

ஸ்டெல்லா கேட்பது உன் விசுவாசத்தை அல்ல. எனக்கும் தெரியல என்று அவளே சொல்லிவிட்டாளே. அவளால் மாடி ஏற முடியாது. அந்தப் பெட்டியில் ஒட்டிய சீட்டில் “பேபி ஆஃப் ஸ்டெல்லா” என்றுதான் எழுதியிருக்கும். பெற்ற பிள்ளையை யாராவது ஒருத்தர் தொட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அந்த ஒருத்தர் தகப்பனாக இருக்க வேண்டும் என்கிறாள். குழந்தை பிழைத்தால் நீங்கள் இரண்டு பேரும் இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். பிழைக்காவிட்டால், இதைச் செய்யாமல் விட்ட ஒருவனோடு அவள் ஒரே வீட்டில் வாழ வேண்டும். உன் அம்மா வாழ்ந்தாள். நல்லபடியாகச் சமைத்தாள், உன்னை வளர்த்தாள், என்னைக் கிண்டல் செய்தாள். அதற்குப் பிறகு ஒரு விஷயம்கூட என்னிடம் அவள் கேட்டதில்லை. முப்பத்தாறு வருஷத்தில் ஒன்றுகூட.

உன்னால் முடியவே முடியாது என்றால் செய்யாதே. அப்போது அவளிடம் போய்ச் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு, அங்கேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்திரு. செய்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்தப் பாதையில் நான் போயிருக்கிறேன், அதற்கு முடிவே இல்லை.

செய்வதாக இருந்தால், எப்படி என்று சொல்கிறேன். சாமியார் வேண்டாம், புத்தகம் வேண்டாம். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவு. நர்ஸிடம் சொல்லு, கொதிக்கவைத்து ஆறின சுத்தமான தண்ணீர் அவர்களே ஒரு ஸ்பூன் கொடுப்பார்கள். வெட்கப்படாதே, அந்த அறையில் இதைக் கேட்கிற முதல் தகப்பன் நீ இல்லை. குழாய்களையும் ஒட்டியிருக்கிற பிளாஸ்திரியையும் நனைக்காமல், நெற்றியில் மட்டும் மூன்று தடவை ஒவ்வொரு சொட்டு ஓடவிடு. முதலில் பேர், பிறகு உனக்கு நான் ஞானஸ்நானம் கொடுக்கிறேன், பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேராலே என்று ஒவ்வொரு சொட்டுக்கும் ஒன்று. அவ்வளவுதான், அரை நிமிஷம்கூட ஆகாது. வார்த்தை தடுமாறினால் நிறுத்திவிட்டு மறுபடி சொல்லலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

ஆனால் ஐந்து மணிக்கு முன்னால் முதல் மாடிக்கு இறங்கிப் போ. ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில் போய், என்ன பேர் என்று கேள். முடியாது என்று சொன்ன அவசரத்தில் நீ அதைக் கேட்டிருக்க மாட்டாய். அவள் உடனே பதில் சொல்லாவிட்டால் சொல்லும் வரைக்கும் நில். பிறகு மேலே போய், மற்ற வார்த்தைகளை எப்படி வேண்டுமானாலும் சொல்லு, முணுமுணுத்துக்கூடச் சொல்லு. பேரை மட்டும் சத்தமாகச் சொல். உள்ளே மெஷின் இரைச்சல் இருக்கும், குழந்தைக்குக் கேட்க வேண்டும்.

அப்பா